சர் பொன். இராமநாதன்: இரண்டு லண்டன் பயணங்கள்

யாழ்ப்பாணத்து வழி வந்த குடும்பங்களில் சர் பொன்னம்பலம் இராமநாதன் பெயர் தெரியாத பெரியவர்கள் இருக்க மாட்டார்கள். மேரு, காப்பார் பக்கம் தோட்டத்து வழி வந்த என்னைப் போன்ற பிள்ளைகளுக்குத்தான் அவரைப் பற்றி யாரும் சொன்னதில்லை. பிரிக்பீல்ட்ஸில் ஸ்காட் ரோடு கந்தசுவாமி கோயிலுக்கும் விவேகானந்தா ஆசிரமத்துக்கும் போகிறோம், வருகிறோம். ரயில்வேயிலும் அரசாங்க ஆபீஸிலும் வேலைக்கு வந்த இலங்கைத் தமிழர்கள் எழுப்பியவை இவை. ஊரை விட்டு வந்தவர்கள் எந்த மனிதரைத் தங்கள் தலைவராக மனசில் வைத்திருந்தார்கள் என்று தேடினால் முதலில் வந்து நிற்பவர் இராமநாதன்தான்.

அவர் 1851-ஆம் ஆண்டு ஏப்ரல் 16-ஆம் தேதி கொழும்பில் பிறந்தார். சாதாரண வீடு இல்லை. அப்பா பொன்னம்பல முதலியார், கொழும்பில் செல்வாக்குள்ள பெரிய மனிதர். அம்மாவின் அப்பா குமாரசுவாமி முதலியார், இலங்கைச் சட்டசபை தொடங்கிய காலத்திலேயே அங்கே தமிழர்களுக்காக உட்கார்ந்தவர். தாய்மாமன் சர் முத்து குமாரசுவாமியும் அதே சபை உறுப்பினர். இங்கிலாந்துக்குப் போய் பாரிஸ்டர் ஆனவர், விக்டோரியா மகாராணி காலத்தில் சர் பட்டம் வாங்கியவர். கலை அறிஞர் ஆனந்த குமாரசுவாமி அந்த மாமாவின் மகன்தான். சட்டசபையில் தமிழர் நாற்காலி என்பது ஏறக்குறைய இந்தக் குடும்பத்துச் சொத்து மாதிரியே இருந்தது. தாத்தா, மாமா, பிறகு இராமநாதன், அவருக்குப் பிறகு அண்ணன் குமாரசுவாமி. 1897 ஜனவரியில் விவேகானந்தர் அமெரிக்கப் பயணம் முடிந்து கொழும்பில் கப்பல் இறங்கியபோது வரவேற்புரை கொடுத்தவர் இந்த அண்ணன்தான். இராமநாதனுக்குத் தம்பி ஒருவர் உண்டு, சர் பொன்னம்பலம் அருணாசலம். அவரைப் பிறகு பார்ப்போம்.

படிப்பு கொழும்பிலும் பிறகு சென்னை பிரசிடென்சி காலேஜிலும். ஊர் திரும்பி வக்கீல் ஆனார், நல்ல பெயர் எடுத்தார். 1879-இல் மாமா முத்து குமாரசுவாமி இறந்தபோது இராமநாதனுக்கு வயது 28. அந்த நாற்காலி யாருக்கு என்ற கேள்வி வந்தது. தேர்தல் என்று ஒன்று அப்போது கிடையாது. கவர்னர் நியமிப்பார், மக்கள் தலைவர்கள் சிபாரிசு செய்யலாம், அவ்வளவுதான். பிரிட்டோ என்ற கிறிஸ்தவ வக்கீலுக்கு ஒரு கூட்டம் ஆதரவு கொடுத்தது. அந்த நேரத்தில் யாழ்ப்பாணத்தில் கூட்டம் போட்டு, இராமநாதன்தான் வேண்டும் என்று நின்றவர் யார் தெரியுமா? ஆறுமுக நாவலர். மிஷன் பள்ளிகளுக்கு எதிரே சைவப் பள்ளிகளை எழுப்பிய அதே நாவலர். அந்த வருடம் டிசம்பரில் அவர் காலமாகிவிட்டார். கடைசி வருடத்தில் அவர் செய்த காரியங்களில் ஒன்று இந்த இளைஞனைச் சட்டசபைக்கு அனுப்பியது.

சபையில் 13 வருடம் இருந்தார். தமிழர் பிரதிநிதி என்று பெயர், ஆனாலும் அவர் பேசியது தமிழர் விஷயம் மட்டும் இல்லை. பௌத்தர்களுக்கு வெசாக் நாளைப் பொது விடுமுறையாக்க 1880களில் முயற்சி நடந்தபோது சபையில் அதற்குத் துணை நின்றார். நாம இன்றைக்கு மலேசியாவில் வெசாக் லீவு கிடைத்தால் அசைன்மெண்ட் முடிக்கலாம் என்று சந்தோஷப்படுகிறோம். ஒரு காலனி ஆட்சியில் கிறிஸ்துமஸும் ஈஸ்டரும் லீவாக இருக்க, நாட்டில் பெரும்பான்மையானவர்களின் புனித நாளுக்கு லீவு இல்லாமல் இருந்ததை யோசித்துப் பாருங்கள். அதைக் கேட்டு வாங்கியதில் ஒரு சைவருக்குப் பங்கு இருந்தது.

1890களில் அரசாங்கம் அவரை சொலிசிட்டர் ஜெனரலாக எடுத்துக்கொண்டது. 1906 வரை அந்த வேலை. இந்தக் காலத்தில்தான் அவர் வாழ்க்கையில் இன்னொரு பக்கம் திறக்கிறது. தஞ்சாவூரைச் சேர்ந்த அருள்பரானந்த சுவாமிகளைக் குருவாக ஏற்றுக்கொண்டார். பைபிளில் மத்தேயு, யோவான் ஆகிய இரண்டு சுவிசேஷங்களுக்கும் சைவ ஞான நோக்கில் ஆங்கிலத்தில் உரை எழுதி வெளியிட்டார். எனக்கு இது ரொம்ப ஆச்சரியம். மிஷனரிகளோடு வாதாடுகிறவர்கள் அந்தக் காலத்தில் நிறைய. அவர்களுடைய நூலையே எடுத்து, பொறுமையாகப் படித்து, இதற்கு எங்கள் வழியில் இப்படி ஒரு பொருள் இருக்கிறது என்று மரியாதையோடு எழுதியவர்கள் மிகக் குறைவு. 1905-06-இல் அமெரிக்காவுக்குப் போய்ச் சொற்பொழிவும் ஆற்றினார். ஆஸ்திரேலியாவிலிருந்து சிஷ்யையாக வந்த ஹாரிசன் என்ற பெண்மணி அவர் நூல்களைப் பதிப்பிக்க உதவினார். முதல் மனைவி இறந்த பிறகு இராமநாதன் அவரைத் திருமணம் செய்துகொண்டார். லீலாவதி அம்மையார் என்று யாழ்ப்பாணம் அறிந்தது அவரைத்தான்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர் சும்மா இருக்கவில்லை. கொழும்பு கொச்சிக்கடையில் அப்பா கட்டிய பொன்னம்பலவாணேசர் கோயிலை 1907-இல் தொடங்கி முழுக்கக் கருங்கல்லில் திரும்ப எழுப்பினார். கட்டுமானம் படிக்கிறவன் என்ற முறையில் ஒன்று சொல்லியாக வேண்டும். கருங்கல்லில் தப்பு செய்தால் பூசி மறைக்க முடியாது, ஒவ்வொரு கல்லும் அடுத்த கல்லுக்கு அளவாக இருக்க வேண்டும். அவர் காலத்தில் செங்கல்லும் சுண்ணாம்பும் மலிவாகக் கிடைத்தன. அப்படியிருந்தும் கல்லைத்தான் எடுத்தார்.

1911-இல் இலங்கைக்கு முதல் முறையாக ஒரு தேர்தல் வந்தது. படித்த இலங்கையர் என்று ஒரே ஓர் இடம், முழுத் தீவுக்கும். வாக்காளர்கள் சுமார் 3,000 பேர், மக்கள்தொகையோ 40 லட்சத்துக்கு மேல். எதிரே நின்றவர் டாக்டர் மார்கஸ் பெர்னாண்டோ, சிங்களவர். இராமநாதன் ஜெயித்தார். இனம் பார்க்காமல் சிங்களவர்கள் தமிழருக்கு ஓட்டுப் போட்டார்கள் என்று இதை இனிப்பாகச் சொல்வது வழக்கம். பாதி உண்மைதான் அது. மார்கஸ் பெர்னாண்டோ கராவ சாதி. தங்களை உயர்சாதி என்று நினைத்த சிங்களக் குடும்பங்கள் பல, ஒரு கராவ சிங்களவரை விட ஒரு வெள்ளாளத் தமிழர் மேல் என்று முடிவு செய்தன. இனத்தை சாதி ஜெயித்த தேர்தல் அது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இப்போது 1915. பெரிய கதை இங்கேதான்.

மே மாதக் கடைசியில், வெசாக் நேரம், கண்டியில் பௌத்த ஊர்வலம் ஒரு பள்ளிவாசலைக் கடப்பது சம்பந்தமாகத் தகராறு தொடங்கியது. சில நாட்களில் கொழும்பு வரைக்கும் பரவியது. முஸ்லிம் கடைகள் சூறையாடப்பட்டன, பள்ளிவாசல்கள் தாக்கப்பட்டன, உயிர்களும் போயின. அப்போது முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. கலவரத்துக்குப் பின்னால் ஜெர்மன்காரன் சதி, ஆட்சியைக் கவிழ்க்கத் திட்டம் என்று ஆங்கிலேயர்களுக்கு ஒரு பயம் பிடித்துக்கொண்டது. கவர்னர் சர் ராபர்ட் சால்மர்ஸ் ஜூன் 2-ஆம் தேதி ராணுவச் சட்டத்தை அறிவித்தார். கலவரம் சில நாளில் அடங்கிவிட்டது, ராணுவச் சட்டமோ ஆகஸ்ட் கடைசி வரைக்கும் நீடித்தது. பட்டாளத்தோடு வெள்ளைக்காரத் தோட்டத் துரைமார்களும் தொண்டர் படை என்று துப்பாக்கி எடுத்தார்கள். விசாரணை இல்லாமலே ஆட்கள் சுடப்பட்டார்கள். மதுவிலக்கு இயக்கத்தில் இருந்த சிங்களத் தலைவர்களை அள்ளிக் கொண்டுபோய் ஜெயிலில் போட்டார்கள். பின்னாளில் இலங்கையின் முதல் பிரதமரான டி.எஸ். சேனநாயக்கவும் அதில் ஒருவர். ஹென்றி பெட்ரிஸ் என்ற 26 வயது இளைஞர், கொழும்பு நகரக் காவல் படையில் அதிகாரி, ராணுவ நீதிமன்றத்தால் தண்டிக்கப்பட்டு ஜூலை 7-ஆம் தேதி சுட்டுக் கொல்லப்பட்டார். நம்மில் பலரை விட நாலைந்து வயதுதான் கூட.

இதெல்லாம் போதாதென்று, நடந்த தப்புகளுக்கு அதிகாரிகள் யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்று சட்டம் கொண்டு வந்தார்கள். நஷ்டஈட்டைச் சிங்கள மக்கள் தலையில் கட்டினார்கள், கலவரத்தில் கலந்துகொண்டவனும் கலந்துகொள்ளாதவனும் சேர்ந்து கட்ட வேண்டும்.

சிங்களத் தலைவர்கள் உள்ளே. வெளியே இருந்தவர்களுக்குப் பயம். அந்த நேரத்தில் சட்டசபையில் எழுந்து நின்றவர் 64 வயது இராமநாதன். நாள் கணக்காகப் பேசினார். யாரைச் சுட்டார்கள், எந்த ஊரில், யார் உத்தரவில் என்று வக்கீல் மாதிரி ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். எதிரே உட்கார்ந்திருந்தது அந்த உத்தரவுகளைப் போட்ட அரசாங்கமேதான். பதினைந்து வருடம் போல அவரும் அந்த அரசாங்கத்தின் சட்ட அதிகாரியாக இருந்தவர். அதன் உள் விவகாரம் எல்லாம் தெரியும் என்பதால் அவர் பேச்சை லேசாகத் தள்ளிவிட முடியவில்லை.

கொழும்பில் பேசி ஆகப்போவதில்லை என்று தெரிந்ததும் லண்டனுக்குக் கிளம்பினார். லூசிடேனியா கப்பலை ஜெர்மன் நீர்மூழ்கி மூழ்கடித்தது அந்த வருடம் மே மாதம்தான். மத்தியதரைக் கடலில் எந்த நேரத்தில் எந்தக் கப்பல் போகும் என்று சொல்ல முடியாத காலம். அவர் அரசாங்கத் தூதர் இல்லை. பதவி இல்லை, சம்பளம் இல்லை, செலவு சொந்தச் செலவு. அனுப்பிய மக்களோ அவருடைய இனம் இல்லை, மதமும் இல்லை. ஆனாலும் ஒரு தூதர் செய்கிற வேலையைத்தான் அங்கே போய்ச் செய்தார். காலனி அமைச்சின் கதவைத் தட்டினார், ஆதாரங்களைக் கொடுத்தார். அவர் சபையில் பேசியவை 1916-இல் லண்டனிலேயே புத்தகமாக வந்தன. அதே வேலைக்காக ஈ.டபிள்யூ. பெரேரா, டி.பி. ஜயதிலக்க ஆகிய சிங்களத் தலைவர்களும் லண்டன் போனார்கள். பெரேரா ஒரு ரகசிய உத்தரவின் நகலைச் சப்பாத்துக்குள் மறைத்துக் கொண்டுபோனார் என்று இலங்கையில் இன்றைக்கும் சொல்வார்கள்.

கவர்னர் சால்மர்ஸ் திரும்ப அழைக்கப்பட்டார். அவர் இடத்துக்கு 1916-இல் வந்தவர் சர் ஜான் ஆண்டர்சன். இந்தப் பெயர் நமக்குப் புதுசு இல்லை. 1904 முதல் 1911 வரை சிங்கப்பூரில் இருந்துகொண்டு மலாயாவை ஆண்டவர் இவர்தான். ஈப்போ ஆண்டர்சன் பள்ளிக்கூடம் அவர் பெயரில்தான் இருக்கிறது. அவர் வந்து அந்தச் சாவுகளைத் திரும்பப் பார்த்தார், அத்துமீறல் நடந்ததை ஒப்புக்கொண்டார்.

இராமநாதன் லண்டனிலிருந்து திரும்பிய நாளில் கொழும்புத் துறைமுகத்தில் சிங்களவர்கள் கூடி நின்றார்கள். அவர் ஏறிய வண்டியிலிருந்து குதிரைகளை அவிழ்த்துவிட்டு, தங்கள் கையாலேயே வீடு வரைக்கும் இழுத்துப் போனார்கள். பெரிய வீட்டுப் பிள்ளைகளும் அந்தக் கயிற்றைப் பிடித்தார்கள்.

இந்தக் காட்சியோடு கட்டுரையை முடித்தால் நன்றாகத்தான் இருக்கும். பல பேர் அப்படித்தான் முடிக்கிறார்கள். ஆனால் அந்தத் துறைமுகத்தில் இல்லாதவர்களையும் பார்க்க வேண்டும். கலவரத்தில் கடையை இழந்த, ஆளை இழந்த முஸ்லிம்களுக்கு அந்த வண்டி ஊர்வலம் எப்படித் தெரிந்திருக்கும்? அடித்தவர்களுக்காக வாதாடியவர் என்றுதான். அதற்கு முன்பே அவர்களுக்கு அவர் மேல் ஒரு கோபம் இருந்தது. 1888-இல் இலங்கைச் சோனகர்கள் இனத்தால் தமிழர்களே என்று ஒரு ஆராய்ச்சிக் கட்டுரை எழுதியிருந்தார். அப்படியென்றால் தனி நாற்காலி எதற்கு என்ற அரசியல் அதற்குள் இருக்கிறது என்று அவர்கள் நினைத்தார்கள், மறுப்பும் எழுதினார்கள். ராணுவச் சட்டத்தின் அநியாயத்தைக் கேட்டது சரி. கொள்ளையடிக்கப்பட்டவர்களின் பக்கமும் அதே அளவுக்கு அவர் வாயிலிருந்து வந்திருக்கலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பல மதத்தாரோடு ஒரே தாமானில் வளர்ந்தவர்களுக்கு இது உடனே புரியும்.

நடுவில் கல்வி வேலை. 1913-இல் மருதனார்மடத்தில் சைவப் பெண்பிள்ளைகளுக்கென்று விடுதியோடு இராமநாதன் கல்லூரியைத் திறந்தார். அதுவரை இங்கிலீஷ் படிக்க வேண்டுமென்றால் பெண்பிள்ளைகள் மிஷன் போர்டிங்குக்குத்தான் போக வேண்டும். 1921-இல் திருநெல்வேலியில் ஆண்பிள்ளைகளுக்கு பரமேஸ்வராக் கல்லூரி. இரண்டுக்கும் சொந்தச் சொத்தை எழுதி வைத்தார். மலாயாவில் சம்பாதித்து, பிள்ளைகளைப் படிக்க யாழ்ப்பாணத்துக்கு அனுப்பிய குடும்பங்கள் நம் நாட்டில் நிறைய இருந்தன. பிரிக்பீல்ட்ஸ் பாட்டிமார்களைக் கேட்டால் தெரியும். அதே 1921-இல் அவருக்கு சர் பட்டம் கிடைத்தது.

1927 நவம்பரில் லண்டனிலிருந்து டொனமூர் குழு வந்தது. இலங்கைக்கு எப்படிப்பட்ட ஆட்சி கொடுக்கலாம் என்று ஊர் ஊராகக் கேட்டது. அடுத்த வருடம் வந்த அறிக்கையில் இரண்டு விஷயம் பெரியது. இன அடிப்படையில் இடம் ஒதுக்குவதை எடுத்துவிட வேண்டும் என்பது ஒன்று. வயது வந்த எல்லோருக்கும் வாக்குரிமை, படிப்பு, சொத்து எதுவும் பார்க்காமல், ஆண் பெண் இருவருக்கும், என்பது இன்னொன்று. பிரிட்டனிலேயே பெண்களுக்கு ஆண்களுக்குச் சமமான வாக்கு 1928-இல்தான் வந்தது. மலாயாவில் நம் தாத்தா பாட்டிமார்கள் முதல் கூட்டரசுத் தேர்தலைப் பார்த்தது 1955-இல்.

இராமநாதன் இரண்டையும் எதிர்த்தார்.

முதல் விஷயத்தில் அவர் பயம் வெறும் பயம் இல்லை. தம்பி அருணாசலம் 1919-இல் இலங்கைத் தேசிய காங்கிரஸின் முதல் தலைவர். கொழும்பில் தமிழருக்கு ஓர் இடம் தருவதாகக் கொடுத்த வாக்கைச் சிங்களத் தலைவர்கள் காப்பாற்றவில்லை என்று மனம் கசந்து 1921-இல் வெளியே வந்தவர். எண்ணிக்கை மட்டும் பேசும் சபையில் சிறுபான்மைக்கு என்ன பாதுகாப்பு என்று இராமநாதன் கேட்டார். மலேசிய இந்தியர்களுக்கு இந்தக் கேள்வியை யாரும் விளக்கத் தேவையில்லை.

இரண்டாவது விஷயத்தில் என்னால் அவரோடு போக முடியவில்லை. எழுத்தறிவு இல்லாத கூட்டத்தின் கையில் நாட்டைக் கொடுக்கக் கூடாது என்பது அவர் வாதம். யாழ்ப்பாணத்தில் எழுத்தறிவு இல்லாதவர்கள் யார்? கோயிலுக்குள் விடப்படாதவர்கள், பள்ளியில் பெஞ்சுக்குப் பதில் தரையில் உட்கார வைக்கப்பட்டவர்கள். படிக்க விடாமல் வைத்துவிட்டு, படிக்கவில்லை அதனால் ஓட்டு இல்லை என்று சொல்வது என்ன நியாயம்? பெண்களுக்கு அத்தனை பெரிய கல்லூரி கட்டியவர், அதே பெண்கள் வாக்குச் சீட்டு பிடிப்பதை ஏற்கவில்லை. அவர் தம்பியையே பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதே வீடு, அதே செல்வம். அருணாசலமோ மலைநாட்டுத் தோட்டத் தமிழர்களுக்காகச் சங்கம் வைத்தார். வேலையை விட்டுப் போனால் தொழிலாளியை ஜெயிலில் போடலாம் என்றிருந்த சட்டத்தை ஒழிக்கப் பாடுபட்டு, அது போனதைப் பார்த்துவிட்டு 1924-இல் மதுரையில் காலமானார். நம்ம தாத்தாக்களும் அதே மாதிரி ஒப்பந்தச் சட்டத்தில் பால்மரம் சீவியவர்கள்தானே. மேருவில் வளர்ந்த ஒருத்தனுக்குத் தம்பியின் பக்கம் மனசு போவது இயல்பு.

1929 டிசம்பரில் சபையில் வாக்கெடுப்பு. 19-க்கு 17 என்று டொனமூர் திட்டம் தேறியது. இரண்டே ஓட்டு. அடுத்த வருடம் இராமநாதன் மறுபடியும் லண்டன் போனார். வயது 79. நீண்ட மனு ஒன்றை அச்சிட்டு காலனி அமைச்சிடம் கொடுத்தார். இந்த முறை கடலில் ஆபத்து இல்லை, கூட வரத்தான் ஆள் குறைவு. லண்டன் அசையவில்லை.

1930 நவம்பர் மாதக் கடைசியில் கொழும்பில் உயிர் பிரிந்தது. மருதனார்மடத்தில், தான் பெண்பிள்ளைகளுக்காகக் கட்டிய கல்லூரி வளாகத்திலேயே அவரை அடக்கம் செய்தார்கள். லீலாவதி அம்மையார் அந்தக் கல்லூரியோடேயே தன் மீதி வாழ்க்கையைக் கழித்தார்.

அவர் இறந்து ஏழு மாதம் ஆவதற்குள், 1931 ஜூனில், எல்லோரும் ஓட்டுப் போட்ட முதல் தேர்தல் இலங்கையில் நடந்தது. யாழ்ப்பாணத்து நாலு தொகுதிகளில் மட்டும் ஒருவரும் வேட்புமனு கொடுக்கவில்லை. பகிஷ்கரித்தது யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ். சாதி பார்க்காமல் பள்ளியில் எல்லோரும் சமமாக உட்கார வேண்டும் என்று பேசிய பையன்கள். டொனமூர் கொடுத்தது போதாது, முழு சுயராஜ்யம் வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. பெரியவர் அதிகம் என்று எதிர்த்ததை, பேரப்பிள்ளை வயதுக்காரர்கள் குறைவு என்று எதிர்த்தார்கள். அந்த நாலு இடமும் 1934 வரைக்கும் காலியாகவே கிடந்தன.

பரமேஸ்வராக் கல்லூரி வளாகம் 1974-இல் பல்கலைக்கழகமாகிவிட்டது. இன்றைக்கு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் என்கிறோமே, அது அவர் வாங்கிப் போட்ட மண்ணில்தான் தொடங்கியது. நடுவில் அவர் எழுப்பிய சிவன் கோயில் அப்படியே இருக்கிறது. சுற்றி விரிவுரை மண்டபங்கள். யாருக்கு ஓட்டு கூடாது என்று அவர் நினைத்தாரோ அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் அங்கே படிக்கிறார்கள்.